ஸனதும் பட்டமும்

ஜவ்வாது மலையின் அடிவாரத்தை ஒட்டி வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று நம் சமுதாயத்தினர் நிறைந்து வாழும் ஊர்கள் அமைந்துள்ளன. வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் இருக்கிறது. ஆம்பூரை அடுத்த உமராபாத்தில் 1924-இல் தொடங்கப்பட்ட ஜாமிஆ தாருஸ்ஸலாம் இருக்கிறது. இம்மதரஸாக்களில் ஓதி முடித்தவர்களுக்கு ஸனது வழங்கப்படுகிறது. இதே வட்டாரத்தில், 1919-இல் நிறுவப்பட்ட வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி முதலான கல்லூரிகளில் பயின்று, நம் பிள்ளைகள் பல்கலைக்கழகப் பட்டமும் பெறுகின்றனர். ஒரே வீட்டில் அண்ணன் கையில் ஸனதும் தம்பி கையில் பட்டமும் இருப்பதைக் காண்கிறோம்.

இவ்விரண்டையும் நாம் ஒரே அளவுகோலால் அளக்கிறோமா? சற்றே சிந்தித்துப் பார்ப்போம்.

ஜும்ஆ பயானில் ஒருவர் ஆதாரமில்லாத செய்தியைச் சொல்லிவிட்டால், தொழுகை முடிந்ததும் பெரியவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், இது எந்தக் கிதாபில் இருக்கிறது?" என்று கேட்பார். கேட்க வேண்டியதுதான். ஆனால் அதே பெரியவரின் பேரன், கடையில் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து பிராஜெக்ட் எழுதி வாங்கி, தன் பெயரை அச்சிட்டு, பைண்டு செய்து கல்லூரியில் கொடுக்கிறான். வீட்டில் யாரும் எதுவும் கேட்பதில்லை. "எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்" என்ற ஒரு சொல்லோடு விஷயம் முடிந்துவிடுகிறது. தீனுடைய கல்வியில் பொய் கூடாது, துன்யாவுடைய கல்வியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்று நமக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

"யாரிடமிருந்து?" என்ற கேள்வி

ஸனது என்ற சொல்லின் பொருளே இதற்கு விடை தருகிறது. ஸனது என்றால் ஆதாரம், சாய்மானம். ஒரு ஹதீஸை அறிவிப்பவர் அதை யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்று தொடர்ந்து செல்லும் சங்கிலிக்கும் ஸனது என்றே பெயர். மதரஸாவில் கொடுக்கும் சான்றிதழுக்கும் அதே பெயர். "இவர் இன்னாரிடம் முறையாகக் கற்றார், இவர் சொல்வதை நம்பலாம்" என்பதே அந்தக் காகிதத்தின் பொருள். பல்கலைக்கழகப் பட்டத்துக்கும் இதைவிட வேறு பொருள் இல்லை.

ஹதீஸ் கலை அறிஞர்கள் அறிவிப்பாளர்களின் தவறுகளை எவ்வளவு நுட்பமாகப் பிரித்து வைத்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இல்லாததை இட்டுக்கட்டியது மவ்ளூஃ. வேறொருவர் வழியாக அறியப்பட்ட செய்தியை, தாமே கேட்டதாகச் சொல்லிக்கொள்வது ஹதீஸ் திருட்டு. திருட்டு என்று பொருள்படும் ஸரிகா என்ற சொல்லையே அதற்கு வைத்தார்கள். இடையில் இருந்த ஒருவரை மறைத்துவிட்டு, மேலே உள்ளவரிடம் நேரடியாகக் கேட்டது போன்ற தோற்றத்தை உண்டாக்குவது தத்லீஸ். இதில் பச்சைப் பொய் இல்லாமல்கூட இருக்கலாம், மறைப்பு இருக்கிறது. ஆகவே அதையும் குறை என்றே எழுதி வைத்தார்கள்.

இவற்றோடு இன்னொரு வகையினரும் உண்டு. நல்ல மனிதர், உண்மையாளர், ஆனால் ஞாபகசக்தி குறைந்தவர். இவருடைய அறிவிப்பை பலவீனமானது என்று ஒதுக்கினார்களே தவிர, இவரைப் பொய்யர் பட்டியலில் சேர்க்கவில்லை. தவறிப்போவது வேறு, ஏமாற்றுவது வேறு என்ற இந்தப் பாகுபாட்டை நாம் மனத்தில் வைத்துக்கொள்வோம். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

மதரஸாக்களில் ஓதப்படும் தஃப்ஸீர் ஜலாலைனை எடுத்துக்கொள்வோம். இமாம் ஜலாலுத்தீன் மஹல்லி (ரஹ்) அவர்கள் கஹ்ஃப் அத்தியாயத்திலிருந்து இறுதிவரை எழுதி, ஃபாத்திஹாவுக்கும் விளக்கம் எழுதிய நிலையில் 1459-இல் வஃபாத்தானார்கள். எஞ்சிய முற்பகுதியை மாணவரான இமாம் ஜலாலுத்தீன் சுயூத்தி (ரஹ்) அவர்கள் எழுதி நிறைவு செய்தார்கள். மாணவர் நினைத்திருந்தால் தம் பெயரை மட்டும் போட்டுக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. 'இரண்டு ஜலால்களின் நூல்' என்று பொருள்படும் பெயரோடு, யார் எந்தப் பகுதியை எழுதினார் என்ற விவரத்தோடு, அந்த நூல் இன்றும் ஓதப்படுகிறது. இதே சுயூத்தி இமாம், பிறருடைய நூல்களிலிருந்து பெயர் சொல்லாமல் எடுத்து எழுதுவோரைக் கண்டித்து, நூலாசிரியருக்கும் திருடனுக்கும் உள்ள வேறுபாடு என்ற பொருளில் தனியாகவே ஒரு சிறு நூல் எழுதினார்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது பேசப்பட்ட விஷயம்!

கல்லூரியில் இவை எப்படி வருகின்றன?

மேலே சொன்ன பாகுபாட்டை வைத்துக்கொண்டு இன்றைய கல்லூரிப் படிப்பைப் பார்த்தால் எல்லாம் தெளிவாகிவிடும்.

சோதனைச் சாலையில் செய்யாத பரிசோதனைக்கு அளவு எழுதுவது, நூறு வீடுகளுக்குச் சென்று கேட்டதாகச் சொல்லி, அறையில் உட்கார்ந்துகொண்டு நூறு படிவங்களையும் தானே நிரப்புவது: இவை இட்டுக்கட்டுதல்.

நண்பனுடைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அப்படியே எழுதிக் கொடுப்பது, இணையத்தில் கிடைப்பதை எடுத்துத் தன் பெயரில் ஒப்படைப்பது, கடையில் பிராஜெக்ட் வாங்குவது: இவை திருட்டு. பணம் கொடுத்து வாங்கியதால் அது நம்முடையதாகிவிடாது. எழுதியவர் சம்மதித்தாலும் ஆசிரியர் சம்மதிக்கவில்லையே! அவரிடம் "இது நான் எழுதியது" என்று சொல்வது பொய்தானே!

ஒரு நூலைப் படிக்காமலேயே, வேறொருவர் அதிலிருந்து எடுத்துக் காட்டிய வரியை எடுத்து, மூல நூலையே படித்ததுபோல் பட்டியலில் சேர்ப்பது, பிறர் எழுதிய பத்தியில் நாலு சொற்களை மட்டும் மாற்றிப் பெயர் சொல்லாமல் விடுவது: இவை தத்லீஸின் வகை. "நான் அப்படியே காப்பி அடிக்கவில்லையே" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் நிற்கிறார்கள்.

தேர்வறையில் பிட் வைத்து எழுதுவதும், மைக்ரோ ஜெராக்ஸ் எடுத்து மறைத்துக்கொண்டு செல்வதும், ஒருவருக்காக இன்னொருவர் தேர்வு எழுதுவதும் எல்லாரும் அறிந்தவை. விடைத்தாளைக் காட்டிக் கொடுப்பவரும் இதில் பங்காளியே. "உதவிதானே செய்தேன்" என்பது சரியான வாதமன்று.

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. கேள்வியைக் கொடுத்தால் கட்டுரையாகவே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. விளங்காத பாடத்தை விளங்கிக்கொள்ள, ஆசிரியர் அனுமதித்த அளவில், அவற்றைப் பயன்படுத்தலாம். ஆனால் அவை எழுதியதைத் தன் எழுத்தென்று கொடுப்பது, இன்னொருவர் எழுதியதைக் கொடுப்பதற்குச் சமம். மேலும் இக்கருவிகள் சில சமயம் உலகில் இல்லாத நூலையும் கட்டுரையையும் ஆதாரமாகக் காட்டிவிடுகின்றன. சரிபார்க்காமல் அதை எடுத்து எழுதுபவர் இட்டுக்கட்டிய அறிவிப்பைப் பரப்பியவர் ஆகிறார்.

காவலூர் தரும் பாடம்

நேர்மையான ஆராய்ச்சி எப்படியிருக்கும் என்பதைக் காண நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஜவ்வாது மலையின் மேலேயே, ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், 1968-இல் தொடங்கிய வானாய்வுக்கூடம் இருக்கிறது. அதை அமைத்தவர் வேணு பாப்பு என்ற விஞ்ஞானி. இவருடைய தகப்பனார் ஹைதராபாத் நிஜாமியா வானாய்வுக்கூடத்தில் பணிபுரிந்தவர். ஹைதராபாத் அரசின் உதவித்தொகையில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்று படித்துக்கொண்டிருந்தபோது, 1949 ஜூலையில், தாம் எடுத்த புகைப்படத் தகட்டில் புதிய வால்மீன் ஒன்றைக் கண்டார். அந்த வால்மீனுக்கு இன்றும் வழங்கும் பெயர் பாப்பு-பாக்-நியூகிர்க் என்பது. பாக் என்பவர் பேராசிரியர்; நியூகிர்க் உடன் படித்தவர். பேராசிரியர் தம் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மாணவர் பெயரை விட்டுவிடவில்லை. மாணவரும் உடனிருந்தவர்களை மறக்கவில்லை. பின்னர் 1957-இல் விண்மீன்களின் ஒளியைப் பற்றி வில்சன் என்பவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட கண்டுபிடிப்பும், 'வில்சன்-பாப்பு விளைவு' என்று இருவர் பெயராலேயே வழங்குகிறது.

இதைவிடப் பெரிய பாடம் 1977-இல் கிடைத்தது. அந்த ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் யுரேனஸ் கிரகம் ஒரு விண்மீனைக் கடந்து மறைக்கவிருந்தது. காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கி வழியாக பட்டாச்சார்யா, குப்புசாமி என்ற இரு விஞ்ஞானிகள் அதைக் கவனித்துப் பதிவு செய்தனர். கிரகம் மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி சிறிது நேரம் மங்கியது. அறியப்படாத ஒரு துணைக்கோள் குறுக்கே வந்திருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். அப்படியே எழுதி வெளியிட்டார்கள். இந்துமாக் கடலின் மேல் விமானத்தில் பறந்தபடி அதே நிகழ்ச்சியைக் கவனித்த அமெரிக்கக் குழுவினரோ, கிரகத்தின் இருபுறமும் ஒளி மங்கியதைக் கண்டு, யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதை அறிவித்தார்கள்.

காவலூர்க்காரர்கள் கொடுத்த விளக்கம் நிலைக்கவில்லை. ஆனால் அவர்கள் எடுத்த பதிவு நிலைத்தது; வளையத்துக்கு அதுவும் ஒரு சாட்சியாயிற்று. ஏன்? கண்டதைக் கண்டபடியே பதிந்திருந்தார்கள். எதிர்பாராத அந்த மங்கலை "கருவிக் கோளாறு" என்று அழித்துவிட்டு, புத்தகத்தில் உள்ளபடி அழகாக ஒரு வரைபடத்தை வரைந்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? கருத்துப் பிசகுவது குற்றமன்று. அளவைத் திருத்தி எழுதுவதே குற்றம். ரெக்கார்டு நோட்டில் "சரியான விடை" வருவதற்காக எண்ணை மாற்றும் நம் பிள்ளைகள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

பாதிக்கப்படுவது யார்?

"இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நம் வட்டாரத்திலிருந்தே பதில் சொல்லலாம்.

பாலாற்றுப் பகுதியில் தோல் தொழிற்சாலைக் கழிவால் நீரும் நிலமும் கெட்டது குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றத்தார் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக, வேலூரிலிருந்த வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணக்கெடுப்பு ஒன்றை அத்தீர்ப்பு எடுத்துக் காட்டியது. ஊர் குடிக்கும் தண்ணீரின் வழக்கு, யாரோ சிலர் அளந்து எழுதிய எண்களை நம்பி நடக்கிறது. அந்த எண்களை ஒருவர் அறையில் உட்கார்ந்து கற்பனையாக எழுதியிருந்தால்? கல்லூரியில் பொய் அளவு எழுதிப் பழகிய கைதானே நாளை மருத்துவச் சோதனைச் சாலையில் நம் குழந்தையின் இரத்தத்தை அளக்கப் போகிறது!

இது வெறும் அச்சமன்று. திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்து வேதியியல் பேராசிரியர் ஒருவர் 2004 முதல் 2007 வரை வெளியிட்ட ஏறத்தாழ 70 கட்டுரைகள் பிறரிடமிருந்து எடுக்கப்பட்டவை அல்லது புனையப்பட்டவை என்பது 2008-இல் உலகறிய வெளிவந்தது. 2018 ஆகஸ்டில், அண்ணா பல்கலைக்கழக மறுமதிப்பீட்டில் பணம் பெற்றுக்கொண்டு மதிப்பெண் கூட்டியதாக லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிவு செய்தது. 2019 செப்டம்பரில், நீட் தேர்வை வேறொருவர் எழுத, மருத்துவக் கல்லூரியில் சேர்ந்ததாகத் தேனியில் ஒரு மாணவர் மீது புகார் எழுந்தது. விசாரணை விரிந்தபோது வேறு சில மாணவர்களும், அவர்களோடு தகப்பனார்களும் கைதானார்கள். பிள்ளையை டாக்டராக்க வேண்டும் என்ற ஆசை, பிள்ளையையும் தகப்பனையும் ஒருசேரக் காவல் நிலையத்துக்குக் கொண்டு சென்றது.

இன்னொரு நஷ்டமும் உண்டு. மலையிலிருந்து இறங்கி வந்து, தன் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரியில் காலெடுத்து வைக்கும் பிள்ளை, தன் முயற்சியால் 55 மதிப்பெண் வாங்குகிறது. விலைக்கு வாங்கிய பிராஜெக்ட் 90 வாங்குகிறது. மேற்படிப்புக்கும் வேலைக்கும் இடம் யாருக்குப் போகும்? இது பிறர் ஹக்கை எடுப்பதல்லவா?

மதீனாவின் கடைத்தெருவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். மேலே உலர்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்தது அவர் குற்றமன்று. அதை மறைத்து வைத்ததையே நபிகளார் கண்டித்தார்கள். பாடம் வராதது ஒரு மாணவரின் குற்றமன்று. வராததை வந்ததாகக் காட்டுவதுதான் குற்றம்.

சட்டமும் இப்போது கடுமையாகவே இருக்கிறது. ஆய்வேடுகளில் பிறர் எழுத்தை எடுத்தாளும் முறைகேட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் விதிகள் வகுத்தது. அவற்றின்படி, முறையாகப் பெயர் சொல்லாமல் எடுத்தது 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தி மீண்டும் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் திருத்திக் கொடுக்க ஓராண்டு தடை. 60-க்கு மேல் போனால் ஆய்வுப் பதிவே ரத்தாகும். பட்டம் பெற்ற பிறகு கண்டுபிடித்தாலும் நடவடிக்கை உண்டு.

நேர்மையாகப் படிக்கும் வழி

காப்பி அடிக்கும் பிள்ளைகள் எல்லாரும் கெட்ட பிள்ளைகள் அல்லர். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த மாணவிக்கு ஆங்கிலத்தில் நாலு வரி எழுத வரவில்லை. கடைசி நாள் வந்துவிட்டது. பயத்தில் பிறருடையதை எடுத்துவிடுகிறாள். ஆகவே கண்டிப்பதோடு நில்லாமல் வழியும் சொல்ல வேண்டும்.

முதலாவதாக, குறிப்பு எடுக்கும்போதே நூலின் பெயர், ஆசிரியர், பக்கம் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். அப்படியே எடுத்த வரிகளுக்கு அங்கேயே மேற்கோள் குறி போட வேண்டும். பின்னால் எது தன்னுடையது, எது பிறருடையது என்று தெரியாமல் போவதுதான் பல தவறுகளின் தொடக்கம்.

இரண்டாவதாக, ஒரு பகுதியைப் படித்துப் புத்தகத்தை மூடிவிட்டு, விளங்கியதைத் தன் சொற்களில் எழுத வேண்டும். எழுத வரவில்லை என்றால் இன்னும் விளங்கவில்லை என்று பொருள், மறுபடியும் படிக்கலாம். தன் சொற்களில் எழுதினாலும் கருத்து யாருடையது என்பதைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவதாக, ரெக்கார்டை அன்றன்றைக்கு எழுதிவிட வேண்டும். பரிசோதனை சரியாக வராவிட்டால், வந்ததையே எழுதி, ஏன் வரவில்லை என்று தனக்குத் தோன்றும் காரணத்தையும் எழுதி ஆசிரியரிடம் காட்ட வேண்டும்.

நான்காவதாக, நண்பர்களோடு சேர்ந்து படிக்கலாம், விவாதிக்கலாம், ஒருவருக்கொருவர் விளக்கம் சொல்லலாம். எழுதும்போது தனித்தனியாக எழுத வேண்டும். விளக்கத்தைக் கொடுப்பது உதவி. நோட்டைக் கொடுப்பது உதவியன்று.

ஐந்தாவதாக, ஆங்கிலம் தடையாக இருந்தால் ஆசிரியரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆங்கில வழிப் பாடமாயினும் தாய்மொழியில் தேர்வெழுத அனுமதிக்கும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. தன் கல்லூரியில் என்ன விதி என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். திருடிய ஆங்கிலத்தைவிடச் சொந்தத் தமிழ் எவ்வளவோ மேல்.

ஏற்கெனவே தவறு செய்துவிட்டவர் என்ன செய்வது? கொடுத்த கட்டுரைக்கு மதிப்பெண் வருவதற்கு முன்பே ஆசிரியரிடம் சென்று, திரும்பப் பெற்றுக்கொண்டு, வேறு எழுதித் தர அனுமதி கேட்கலாம். மதிப்பெண் குறையலாம், மனம் அமைதி பெறும். படிக்காமல் கடந்த பாடத்தை இப்போதாவது உட்கார்ந்து படிக்க வேண்டும். அந்தப் படிப்பை நம்பி வரப்போகும் மக்களுக்கு நாம் பட்ட கடன் அது.

வீட்டின் பங்கு

பெற்றோர்களிடமும் ஒரு வார்த்தை. தோல் ஷாப்பில் உழைத்தும், பீடி சுற்றியும், வளைகுடாவில் வியர்வை சிந்தியும் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம். அந்தக் காசு ஹலாலாக இருக்க வேண்டும் என்பதில் எவ்வளவு கவனமாக இருக்கிறோம்! அந்தக் காசில் பெறும் பட்டம் எப்படிப்பட்டது என்பதிலும் அதே கவனம் வேண்டாமா?

பிள்ளை வீட்டுக்கு வந்ததும் "எத்தனை மார்க்?" என்று மட்டும் கேட்டால், மார்க்கை எப்படியாவது கொண்டு வருவதுதான் தன் வேலை என்று அது நினைத்துக்கொள்ளும். "இன்று என்ன படித்தாய்? நீயே எழுதினாயா? எந்தப் புத்தகத்தில் பார்த்தாய்?" என்றும் கேட்போம். பயானில் கேட்கும் அதே கேள்விதான். அரியர் விழுந்துவிட்டால், ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டதே என்று கூச்சலிட வேண்டாம். அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். தோல்விக்கு வீட்டில் இடமில்லை என்றால், பொய் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிராஜெக்ட் வாங்கப் பணம் கேட்டால் மறுத்துவிடுவோம். அதே பணத்தில் புத்தகமும், நூறு வீடுகளுக்குச் சென்றுவர பஸ் செலவும் கொடுப்போம்.

ஸனது பெற்று வரும் மகனிடம் ஊர் தன் தொழுகையை நம்பி ஒப்படைக்கிறது. பட்டம் பெற்று வரும் மகளிடம் ஊர் தன் குழந்தைகளையும், நோயாளிகளையும், கணக்குகளையும், குடிநீரையும் நம்பி ஒப்படைக்கிறது. இரண்டும் அமானிதமே.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதை உண்மையோடு தேடும் மனத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.